இடப்பக்கம் ஓரடி

படத்தின் நீளம் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். தயாரிப்பாளர் கேட்டது இரண்டு மணி நாற்பது. நடுவில் தொங்கும் நாற்பத்திரண்டு நிமிடத்தை எங்கே பிடித்து வெட்டுவது என்று நானும் எடிட்டரும் பதினோரு நாளாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். நான் உதவி எடிட்டர். படம் முடிந்து பெயர்ப் பட்டியலில் என் பெயர் வரும்போது பாதித் தியேட்டர் வெளியே போயிருக்கும், மீதிப் பாதி குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

சரித்திரப் படம். ஒரு ராஜ குடும்பம் விழுந்த கதை. கலகம் வெடித்ததும் ராஜா, ராணி, இரண்டு இளவரசிகள், ராஜாவின் தம்பி என்று ஐந்து பேரையும் பிடித்து ஒரு தானிய வியாபாரியின் வீட்டில் ஆறு மாதம் அடைத்து வைக்கிறார்கள். அரண்மனையில் முந்நூறு வேலைக்காரர்களோடு இருந்தவர்களுக்கு இங்கே ஒரே ஒரு பணிப்பெண். ஒருநாள் காலையில் வண்டி வந்திருக்கிறது, எல்லை தாண்டி அனுப்பப்போகிறோம் என்று சொல்லிக் கிடங்குக்குக் கூட்டிப் போய்ச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. முடிவு என்ன என்று டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். டைரக்டருக்கும் அதுதான் கவலை. "எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் சாகறாங்க. ஜனங்க எதுக்கு உக்காந்து பாக்கணும்?" என்று வாரம் ஒருமுறை வந்து எங்களைக் கேட்பார். எடுக்கும்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்தப் பணிப்பெண்ணாக நடித்தது என் அம்மா.

அம்மா முப்பத்தெட்டு வருஷமாகத் துணை நடிகை. அதாவது கூட்டம். சந்தையில் காய் வாங்கும் கூட்டம், கோர்ட்டில் தலையாட்டும் கூட்டம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழும் கூட்டம். போரில் செத்திருக்கிறாள், வெள்ளத்தில் செத்திருக்கிறாள், கொள்ளை நோயில் நாலைந்து முறை, ரயில் கவிழ்ந்து ஒருமுறை. எல்லாம் கும்பலோடு. எந்தப் படத்திலும் 'இதோ எங்கம்மா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும். நான் எடிட்டிங் படிக்கப் போனதற்கு அதுதான் காரணம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் வேறு எந்தப் படிப்பிலும் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அவள் தொழிலுக்குச் சில சட்டங்கள் உண்டு. கேமராவைப் பார்க்கக் கூடாது. பழைய காலத்துக் கதை என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான நடிகர் யாரையும் மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கதாநாயகனின் பாதி முகத்தை மறைத்துவிட்டாள் என்று ஏஜென்ட் மூன்று மாதம் அவளைக் கூப்பிடவே இல்லை. அதிலிருந்து கேமரா எங்கே இருக்கிறது, முன்னால் யார், பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அப்படித்தான். டிவிக்கும் எங்களுக்கும் குறுக்கே போகமாட்டாள், சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவாள். சித்தி மகளின் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அம்மாவின் ஒரு தோள் மட்டும் இருக்கிறது.

இந்த வேஷம் அவளுக்குக் கிடைத்ததும் இருந்த இடம் தெரியாமல் நிற்கும் அந்தப் பழக்கத்தால்தான். உடை அளவு பார்க்கும் நாளில் கிரீடம் வைத்த தட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். நாற்பது நிமிடம் கழித்து டைரக்டர் திரும்பிப் பார்த்தால், வைத்த இடத்தில் வைத்தபடி அம்மா. தட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. "இந்தம்மாவையே பணிப்பெண்ணா போட்டுடுங்க" என்றாராம்.

இருபத்தேழு நாள் வேலை. ஒரு வசனம். "வண்டி வந்துவிட்டது, மகாராணி." அதை அடுப்படியில், குளியலறையில், மாடிப்படியில் எல்லா ராகத்திலும் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் மேலே ஒரு சாவு. துப்பாக்கிகளை உயர்த்தும்போது பணிப்பெண் ராணிக்கு முன்னால் பாய்ந்து, கையை விரித்து, முதல் குண்டைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டு விழ வேண்டும். அம்மா முதல்முறையாகத் தனியாகச் சாகப்போகிறாள். சித்திக்கு, கீழ்வீட்டுத் தையல்காரருக்கு, பஸ்ஸில் கூட வரும் நர்ஸுக்கு என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் தம்பட்டம் அடித்துவிட்டாள். "ராணிய காப்பாத்திட்டு சாகறேன். அதுக்கப்புறம்தான் ராணி சாகுது" என்று வரிசைக்கிரமமாகச் சொல்வாள்.

அந்தக் காட்சியை எடுத்த நாள் வீட்டுக்கு வந்தவளைக் கேட்டேன்.

"எப்படிம்மா போச்சு?"

"ஒரே டேக். டைரக்டர் கை தட்டினாரு. ராணியா நடிச்ச பொண்ணு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுடுச்சு, பாவம்."

"பாய்ஞ்சியா?"

"பின்ன? பாயாமயா?"

ஒரே டேக் என்பதில் ஆச்சரியம் இல்லை. இன்னொரு டேக்குக்கு வழியே கிடையாது. குண்டு பட்டுத் தெறிக்கிற மாதிரி சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வெடி புதைத்திருந்தார்கள். ஒருமுறை வெடித்தால் சுவர் காலி. உடைகளும் அப்படியே. இரண்டு கேமரா வைத்து ஒரே மூச்சில் எடுத்தார்கள். முன்னால் இருந்த கேமராவில் முக்கால்வாசி புகை. பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி வைத்த இரண்டாவது கேமராவில் எல்லாம் பளிச்சென்று இருந்தது.

அந்த இரண்டாவது கேமராவின் ஷாட்டை எடிட்டர் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்குகிறவர், சிகரெட்டை விட்டதிலிருந்து ஓயாமல் புதினா மிட்டாய் சப்புகிறவர். கடவாயில் இருந்த மிட்டாயை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "இங்க வந்து பாரும்மா" என்றார்.

ராஜா ஏதோ கேட்க வாயைத் திறக்கிறார். துப்பாக்கிகள் உயர்கின்றன. ராணிக்கு அரையடி முன்னால், வலப்பக்கம் சற்று ஒதுங்கி அம்மா நிற்கிறாள். முதல் வெடி. அம்மா இடப்பக்கம் கால் எடுத்து வைக்கிறாள். பாய்கிறாள் என்றுதான் நினைப்போம். ஆனால் ராணிக்கு நேர் முன்னால் வந்ததும் நிற்கவில்லை. அடுத்த காலையும் எடுத்து வைத்து அந்தப் பக்கம் போய்விடுகிறாள். கை விரியவில்லை, உடம்போடு ஒட்டியே இருக்கிறது. ராணியின் முகம் முழுசாகத் தெரிகிறது. குண்டு ராணியின் மேல் படுகிறது. அதற்குப் பிறகு, சொல்லிக்கொடுத்த கணக்குப்படி, அம்மா அழகாக விழுகிறாள்.

எனக்கு விளங்க இரண்டு நொடி ஆனது. ராணிக்கு முன்னால் வந்த அந்தக் கணத்தில் இரண்டாவது கேமராவின் லென்ஸ் அம்மாவின் கடைக்கண்ணில் பட்டிருக்கும். பின்னால் முக்கிய நடிகை. முப்பத்தெட்டு வருஷத்துக் கால் அது, தானாக நகர்ந்துவிட்டது. அவளைக் கேட்கவே இல்லை.

"அம்மா தப்பு பண்ணிட்டாங்க" என்றார் எடிட்டர். அவருக்கு மட்டும்தான் அவள் என் அம்மா என்று தெரியும்.

"ஆமா சார்."

"பரவாயில்ல. வெடிச்சதும் முன் கேமராவுக்குப் போயிடலாம். புகைதான் தெரியும். பாய்ஞ்சாங்களா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. கீழ விழுந்து கிடக்கறதைக் காட்டிடலாம்."

அப்படியே செய்தோம். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் நிமிடக் கணக்கு விடவில்லை. ராஜாவின் ஊர்வலத்தில் எட்டு நிமிடம் போனது. மந்திரிகள் வட்டமாக உட்கார்ந்து பேசியே கொல்லும் காட்சிகள் பதினான்கு நிமிடம். இளவரசிகள் பந்து விளையாடுவது, மழையை வேடிக்கை பார்ப்பது, ராஜா தாடியைச் சொறிவது என்று சுரண்டிச் சுரண்டி இன்னொரு ஒன்பது. மொத்தம் முப்பத்தொன்று. இன்னும் பதினொன்று வேண்டும்.

எடிட்டர் மிட்டாயை நொறுக்கினார். "பணிப்பெண்ணோட காட்சி எல்லாம் சேர்த்தா எவ்வளவு வருது?"

அவருக்கு விடை தெரியும். எனக்கும் தெரியும்.

"பதினொன்னு" என்றேன்.

"தூக்கினாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது. பின்னால நிக்கறவங்களா இருந்துட்டுப் போகட்டும்."

"அந்த வசனம்?"

"வண்டி வந்துடுச்சுன்னு காவல்காரனே சொல்லிடறான். அவன் சொன்னதைத்தான் உங்கம்மா போய்ச் சொல்றாங்க. ரெண்டு தடவை எதுக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன். "வேற இடம் காட்டு. எடுத்துக்கறேன். வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு."

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ராஜாவின் தம்பிக்கு ஒரு காதல் கதை இருந்தது, பத்தொன்பது நிமிடம். அதைத் தூக்கலாம் என்றேன். அந்த நடிகர் இதற்காக எட்டு மாதம் தாடி வளர்த்தவர், தயாரிப்பாளரின் மைத்துனர் வேறு. எடிட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "டைரக்டரே வந்து சொன்னாத்தான் அது நடக்கும். நான் சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க."

வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்கும்போதே "இன்னிக்கு என்னைப் பார்த்தியா?" என்பாள். பார்த்தேன் என்பேன். பொய் இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

புதன்கிழமை மதியம் எடிட்டர் பல் டாக்டரிடம் போயிருந்தார். அத்தனை மிட்டாய்க்கு அது என்றைக்கோ வரவேண்டிய நாள். நான் தனியாக இருந்தபோது டைரக்டர் வந்தார். பின்னால் இருந்த சோபாவில் சாய்ந்து, கடைசிக் காட்சியைப் போடச் சொன்னார். பார்த்துவிட்டு, வழக்கமான பல்லவியை ஆரம்பித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கே ஒண்ணும் ஆக மாட்டேங்குது. சாவறாங்கன்னு தெரியும், சாவறாங்க. அவ்வளவுதானா?"

அப்போது நான் செய்ததை யாரும் செய்யச் சொல்லவில்லை. என் கை, என் புத்தி.

"சார், ரெண்டாவது கேமராவுல ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?" என்றேன்.

புகை இல்லாத அந்த ஷாட்டை முழுசாகப் போட்டேன். டைரக்டர் சோபாவிலிருந்து எழுந்து வந்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி. ஒன்பது முறை.

"இவ நகர்றா" என்றார்.

"ஆமா சார்."

"ராணியைக் காட்டிக் குடுக்கறா."

ஷாட்டை முதல் வெடிக்குத் திருப்பி நிறுத்தினேன்.

"நான் பாயச் சொன்னேன். இந்தம்மா வேற மாதிரி யோசிச்சிருக்கு. முன்னால போய், நிக்காம, வேணாம்னு நகர்ந்துடுது. என்ன நடிகைம்மா இது." அவர் குரல் இறங்கியிருந்தது. "ஆனா இதுக்கு முன்னாடி எங்கயும் இவ கெட்டவளா தெரியலையே. திடுதிப்புன்னு நகர்ந்தா ஜனங்களுக்குப் புரியாது."

"தெரிய வைக்கலாம் சார்" என்றேன்.

எனக்கு அது இரண்டு நாளாகவே தெரியும். தெரிந்ததை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன். காவல்காரன் அம்மாவிடம் வண்டி வந்துவிட்டது என்று சொல்லும் ஷாட் ஒன்று இருக்கிறது, ஆறு நொடி. அதை எடுத்துவிட்டால் அம்மா தானாக வந்து ராணியிடம் அந்தப் பொய்யைச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். அவ்வளவு போதும். அதற்குப் பிறகு அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது, கதவோரம் நிற்பது, ராணி அழும்போது சுவரைப் பார்ப்பது எல்லாம் வேறாகத் தெரியும். கூட்டத்தில் நிற்கப் பழகிய ஒருத்தியின் முகம் அது, அதில் எதுவும் எழுதியிருக்காது. எதை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

ஆறு நொடியை எடுத்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். அம்மா அறைக்குள் வந்து, தலை குனிந்து, "வண்டி வந்துவிட்டது, மகாராணி" என்றாள். எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது.

டைரக்டர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். பிறகு, "இந்தம்மாவோட வெட்டிப் போட்டதெல்லாம் எடு. எவ்வளவு இருக்கு?" என்றார்.

"இன்னும் எட்டு நிமிஷம் போடலாம் சார். ஆனா நீளம்…"

"தம்பியோட காதலைத் தூக்கு. நான் பேசிக்கறேன்."

மறுநாள் எடிட்டர் வீங்கிய கன்னத்தோடு வந்து புதிய வடிவத்தைப் பார்த்தார். படம் இரண்டு மணி நாற்பது. அதில் அம்மா பத்தொன்பது நிமிடம். ராஜாவின் தம்பிக்கு இரண்டு நிமிடமும் தாடியும் மிஞ்சின.

"படம் பொழைச்சுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்டார். பல் வலியில் பேசியதால் பாதிதான் புரிந்தது. புரியாத மாதிரியே இருந்துவிட்டேன்.

சொல்லத்தான் நினைத்தேன். படத்தில் வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் போட்டுக் காட்டும் நாளுக்கு முந்தின சாயங்காலம், அம்மா கட்டில் மேல் இரண்டு புடவையைப் பரப்பி வைத்து எது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, படம் கொஞ்சம் மாறியிருக்கு."

"எப்பவும் மாத்தத்தானே செய்வாங்க. என் டயலாக் இருக்கா?"

"இருக்கு."

"சாகறது?"

"இருக்கு. நிறைய இடத்துல வர்றம்மா. க்ளோசப்பே நாலு."

"அப்புறம் என்ன? நீலத்தைக் கட்டட்டுமா, பச்சையா?"

"பச்சை" என்றேன். என் வீரம் அத்தோடு சரி.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சின்னத் தியேட்டரில் படம் போட்டார்கள். அம்மா வரிசையின் கடைசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பக்கத்தில் சித்தி, அதற்கடுத்து நான். முதல் க்ளோசப் வந்ததும் சித்தி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்து, "அக்கா, நீதான்" என்றாள். திரை முழுக்க அம்மாவின் முகம். இருபதடி உயரத்தில் அவள் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்டும் அறையின் சின்னத் திரையில் நூறு முறை பார்த்த முகம்தான். இங்கே அவள் என் அம்மாவாக இருந்தாள். பெருமையாக இருந்தது, ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

நேரம் போகப் போகத் தியேட்டரில் ஒரு மாற்றம் தெரிந்தது. அம்மா கதவோரம் வந்து நின்றாலே முன்வரிசைகளில் முணுமுணுப்பு. "இவ சரியில்ல" என்றது ஒரு குரல். அம்மா அதைக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் முன்னால் சாய்ந்து, தன் வசனத்துக்காகக் காத்திருந்தாள்.

வசனம் வந்தது. அம்மாவின் உதடும் கூடவே அசைந்தது. சொல்லி முடித்ததும் நெற்றியைச் சுருக்கினாள். ஏதோ ஒன்று விட்டுப்போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழில்காரி.

கிடங்கு. சுவர். ராஜா வாயைத் திறந்தார். முதல் வெடி. அம்மா இடப்பக்கம் போனாள், ராணிக்கு முன்னால் வந்தாள், நிற்காமல் கடந்து போனாள். ஒரு பொட்டுப் புகையில்லை. ராணியின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"அடிப்பாவி" என்றாள் முன்னால் ஒருத்தி. யாரோ உச்சுக்கொட்டினார்கள். சித்தியின் கை எப்போது தன் மடிக்குத் திரும்பியது என்று நான் கவனிக்கவில்லை, ஆனால் மடியில்தான் இருந்தது. அம்மா அழவில்லை. இருட்டில் மெல்லக் குனிந்து, புடவை விளிம்பைக் கொஞ்சம் விலக்கி, தன் கால்களைப் பார்த்தாள். விளக்கு போடும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே கூடத்தில் டைரக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். இருபது முப்பது பேர் சுற்றி நின்றார்கள்.

"அந்த ஒரு அடி. எப்படிம்மா யோசிச்சீங்க?"

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எந்த டைரக்டர் எதைக் கேட்டாலும் முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லும் பதிலையே சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரிதான் சார் பண்ணேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார் ஒருவர். ராணியாக நடித்த பெண் வந்து அம்மாவின் தோளில் கை போட்டு, "என்னைக் கொன்னுட்டீங்களேம்மா" என்றாள் விளையாட்டாக.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள் அம்மா. அதற்கும் சிரித்தார்கள்.

சித்திக்குத் திடீரென்று தலைவலி வந்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நானும் அம்மாவும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வெயில் இன்னும் இருந்தது. நிறுத்தத்தில் நல்ல கூட்டம், அலுவலகம் விடுகிற நேரம். வெகுநேரம் அம்மா எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காவல்காரன் வந்து வண்டி வந்துடுச்சுன்னு எங்கிட்ட சொல்லுவான்ல, அது எங்க?"

"எடுத்துட்டோம்."

"யாரு?"

"நான்தான்."

தலையை ஆட்டினாள். கோபம் இருந்ததா என்று தேடினேன். அந்த முகத்தில் நானும்தான் எதைப் படிக்க முடியும்?

"நான் நகர்ந்தது உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்மா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு." பிறகு, வக்கீல் மாதிரி என் பக்க நியாயத்தையும் எடுத்து வைத்தேன். "உன்னோட பதினொரு நிமிஷத்தையும் தூக்கறதா இருந்தாங்கம்மா. டயலாக்கும் போயிருக்கும். பின்னால நிக்கற ஆளா ஆகியிருப்ப."

"ஆகியிருந்தா என்ன? எனக்குப் பழக்கம்தானே."

அவளுக்காகத்தான் செய்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு தோளாக இருக்கும் அம்மாவைத் தேடித் தேடி அலுத்துப்போனது நான். அவள் அலுத்துப்போனதாக ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் பாய்ஞ்சேன்னுதான் நினைச்சேன்" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ராத்திரி படுத்தா அதையே நினைச்சுப் பார்த்துக்குவேன். கையை விரிச்சேன், மார்ல வாங்கினேன்னு. இன்னிக்குப் பாக்கறேன், கையே எழும்பலை. முப்பத்தெட்டு வருஷம் யாரையும் மறைச்சு நின்னதில்ல. ஒரே ஒரு தடவை மறைச்சு நில்லுன்னு சொன்னாங்க. அது எனக்கு வரலை பாரு."

"படம் நல்லா ஓடும்மா. எல்லாரும் உன்னைத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தையல்காரர்கிட்ட மட்டும் நீ சொல்லிடு, வேற மாதிரி ஆயிடுச்சுன்னு. எனக்குச் சொல்ல வராது" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. நாங்கள்தான் முதலில் நின்றிருந்தோம், படி எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அம்மா இடப்பக்கம் ஓரடி ஒதுங்கி வழிவிட்டாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளப் பார்த்தேன்.

"இரு. அவங்க ஏறிக்கட்டும்" என்றாள்.